குழாய்களுக்கும் இடம் கொடுத்தவர்

மலர்க் குழுவினர் தொலைபேசியில் கூப்பிட்டு, நம் துறை சார்ந்த மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். சர் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. அதனால் நான் வேறொருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பொறியாளர் இல்லை, கட்டடக் கலைஞர். பெயர் லூயி கான். அமெரிக்கர். காலமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். செங்கல் சுவரில் ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய பெரிய வட்டங்கள் இருக்குமே, அதைக் கட்டியவர் அவர்தான்.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஆர்க்கிடெக்ட்டோடு என்ன வேலை என்று என் செட் நண்பர்கள் கேட்பார்கள். காரணம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக ஏ.சி. டிசைன்தான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தத் தொழிலில் எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. முகப்பு, தரை, விளக்கு என்று எல்லாம் முடிவான பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். டக்ட்டை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால், சீலிங்குக்கு மேலே எப்படியாவது சொருகிக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு முறை, நூறு வருஷப் பழைய கட்டடம் ஒன்றுக்குப் புது இணைப்புக் கட்டும் வேலை வந்தது. பழைய பகுதியின் தேக்கு உத்தரங்கள் அத்தனையையும் ஜிப்சம் பலகை போட்டு மூடி, அதற்குள் எங்கள் டக்ட்டை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினோம். இன்று அங்கே போகிறவர்களுக்கு மேலே தேக்கு இருப்பதே தெரியாது. அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் கானைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1901-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று, இன்றைய எஸ்டோனியாவில், ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அந்த நாடு ரஷ்யப் பேரரசில் இருந்தது. மூன்று வயதில் அடுப்புத் தணலின் நிறத்தில் மயங்கி, நெருப்புத் துண்டுகளை அள்ளித் தன் மேலங்கியில் போட்டுக்கொண்டானாம் பையன். முகமும் கைகளும் வெந்துபோயின. அந்தத் தழும்பு கடைசி வரை மறையவில்லை. 1906-ல் குடும்பம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் கான் என்ற குடும்பப் பெயரே வந்தது.

பையனுக்குப் படம் வரைவதில் அபார கை. ஓவியப் பள்ளிக்கே போயிருப்பார். பள்ளியின் கடைசி ஆண்டில் கட்டடக் கலை வரலாறு என்று ஒரு பாடம் கேட்க நேர்ந்தது, மனசு மாறிவிட்டது. மௌனப்படக் காலம் அது. தியேட்டரில் படம் ஓடும்போது பியானோ வாசித்துச் சம்பாதித்துப் படித்தார். 1924-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

அதன்பிறகு கிடுகிடுவென்று மேலே போய்விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. 1930-ல் எஸ்தரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே சமயம் பொருளாதாரப் பெருமந்தம் வந்து கட்டட வேலைகளே நின்றுபோயின. வீடு ஓடியது மனைவியின் சம்பளத்தில். தொழிலாளர் குடியிருப்பு, சின்னச் சின்ன வீடுகள் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார். 1947 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். நாற்பத்தொன்பது வயதில்கூட அவர் பெயர் சொல்ல ஒரு பெரிய கட்டடம் கிடையாது. இறுதியாண்டு வளாகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை என்று முகம் தொங்கவிட்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்!

1950-51-ல் ரோம் நகரில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு வந்தது. கிரேக்கம், எகிப்து என்று சுற்றினார். இடிந்து கிடக்கும் பழைய கட்டடங்களின் கனமான சுவர்களையும் அவற்றின் மேல் வெயில் விழும் விதத்தையும் வரைந்து வரைந்து வைத்துக்கொண்டார். 1951-ல் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? ஒரு பழைய அருங்காட்சியகத்துக்கு இணைப்புக் கட்டடம்.

யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் 1928-ல் கட்டப்பட்டது. இத்தாலியின் பழைய அரண்மனைகளைப் பார்த்து, கல் வளைவுகளோடு எழுப்பிய கம்பீரமான கட்டடம். அதன் தோளை ஒட்டி ஒரு புதுக் கட்டடம் வேண்டும். ஓவியங்களும் வைக்கணும், வகுப்பும் நடத்தணும், நாளைக்குத் தேவை மாறினால் உள்ளே பிரித்து மாற்றிக்கொள்ளவும் முடியணும். இப்படிப்பட்ட வேலையில் இரண்டு சுலபமான வழிகள் உண்டு. பழசை அப்படியே காப்பியடித்து நாலு வளைவு போடலாம். அல்லது, பழசைப் பார்க்காத மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டியை நிறுத்தலாம். கான் தெருவைப் பார்த்த பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு செங்கல் சுவரை எழுப்பினார். உள்ளே ஒவ்வொரு தளமும் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் சுவரின் குறுக்கே மெல்லிய கல் பட்டை ஒன்று. அவ்வளவுதான் அலங்காரம். பழைய கட்டடத்தின் கனத்துக்கு அந்தச் சுவர் ஈடு கொடுத்தது. அதன் நகைகளை மட்டும் கடன் வாங்கவில்லை. மற்றப் பக்கங்களில் இரும்புச் சட்டமும் கண்ணாடியும்.

எனக்கு முக்கியம் உள்ளே இருக்கும் கூரை. முக்கோணப் பட்டைக்கூம்புகளாக வார்த்த காங்கிரீட் தளம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி முக்கோணக் குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். அந்தக் காங்கிரீட்டின் உள்வெளியிலேயே காற்றுக் குழாயும் மின்சாரக் கம்பியும் நேராக ஓடுகின்றன. விளக்குகளும் அங்கேயே. மறைக்கத் தனியாக ஒரு பொய்க் கூரை தேவைப்படவில்லை. கானுக்கு டக்ட், பைப் எல்லாம் அடியோடு பிடிக்காது. பிடிக்காததை ஒளித்துவைத்தால் அது உள்ளே இருந்துகொண்டு கட்டடத்தைக் கெடுக்கும், அதனால் அதற்கென்று ஓர் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. எங்களைப் போன்ற டக்ட் ஆசாமிகளுக்கு இதைவிட மரியாதை யார் கொடுத்திருக்கிறார்கள்?

இந்தக் கூரையில் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் ஆன் டிங். கானின் அலுவலகத்தில் இருந்த இளம் பெண் கட்டடக் கலைஞர். முக்கோண வடிவியலில் அவருக்கு இருந்த பித்துதான் இந்தத் தளமாக வந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பேர் மட்டும் கானுக்குப் போயிற்று. கணக்குப் போட்டவர் ஹென்றி பிஸ்டரர். முப்பரிமாணச் சட்டம் என்று சொன்னால் நகராட்சி அனுமதி கிடைப்பது கஷ்டம் என்பதால், சாய்ந்த டி-பீம்களாகக் கணக்குக் காட்டி, ஒரு பகுதியை வார்த்துப் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்த பிறகே வேலை நகர்ந்தது. 1953 நவம்பரில் திறந்தார்கள். கானுக்கு அப்போது வயது 52.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. சில ஆண்டுகளில் புது நிர்வாகி ஒருவர் வந்து, கானின் சுவர்களையும் தூண்களையும் வெள்ளைப் பலகைகளால் மூடிவிட்டார். தன் கட்டடத்தின் கதியைத் தானே பார்க்க வேண்டிய நிலை அவருக்கு.

அதன் பிறகு வேலைகள் வரிசையாக வந்தன. பிலடெல்பியாவில் 1957-ல் தொடங்கிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக்கூடத்தில், குழாய்களும் காற்று வெளியேற்றும் வழிகளும் செங்கல் கோபுரங்களாகவே எழுந்து நின்றன. உலகமே வந்து பார்த்தது. உள்ளே வேலை செய்த விஞ்ஞானிகளுக்கோ வெயில் கண்ணில் அடித்தது. ஜன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்! கானை வணங்குகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். அடுத்து, போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க்குக்காகக் கலிபோர்னியாவில் 1965-ல் முடித்த ஆய்வு நிலையத்தில், ஒவ்வொரு ஆய்வுக்கூடத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் ஒரு முழு மாடி. இன்று ஒரு குழாயை மாற்ற வேண்டுமானால் ஆய்வை நிறுத்த வேண்டாம், பிட்டர் மேலே நடந்து போய் மாற்றிவிட்டு வரலாம்.

1962-ல் விக்ரம் சாராபாயும் பாலகிருஷ்ண தோஷியும் அவரை அகமதாபாத்துக்கு அழைத்தார்கள். அதே சமயத்தில் டாக்காவின் நாடாளுமன்ற வளாக வேலையும் வந்தது. நம் வெயிலின் கொடுமை அவருக்கு அகமதாபாத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். அறையின் ஜன்னல் ஒரு பக்கம், வெளிச்சுவரின் வட்டத் திறப்பு இன்னொரு பக்கம், நடுவில் நிழல் நிறைந்த தாழ்வாரம். வெளிச்சம் வரும், வெயில் வராது. நம் ஊர்த் திண்ணையும் தாழ்வாரமும் செய்த வேலைதான்.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் கிம்பெல் கலை அருங்காட்சியகம். 1966-ல் வேலையை ஒப்படைத்தார்கள், 1972-ல் திறந்தார்கள். 100 அடி நீளம், சுமார் 23 அடி அகலம் உள்ள நீண்ட வளைவுக் கூரைகள் பதினாறு, பக்கத்தில் பக்கத்தில். அந்த வளைவின் வடிவம் என்ன தெரியுமா? சைக்ளாய்டு! முதலாம் ஆண்டு எஞ்சினியரிங் டிராயிங்கில், உருளும் சக்கரத்தின் மேல் ஒரு புள்ளியைக் குறித்து, பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, ராத்திரி முழுக்க வரைந்தோமே, அதேதான். எங்கே பயன்படப்போகிறது என்று அப்போது புலம்பாதவர்கள் நம்மில் யாராவது உண்டா?

ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் நீளவாக்கில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு கீற்று திறந்திருக்கும். சிவில் நண்பர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். வளைவின் உச்சிக் கல்லை எடுத்தால் வளைவு ஏது? இந்த இடத்தில்தான் ஆகஸ்ட் கொமெண்டன்ட் என்ற பொறியாளர் வருகிறார். அவரும் எஸ்டோனியாவில் பிறந்தவர். கானோடு பதினெட்டு வருஷம் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தவர். அது பார்ப்பதற்குத்தான் வளைவு, உண்மையில் நாலு மூலையில் நாலு தூண் மேல் நிற்கும் 100 அடி நீள பீம் என்று கண்டு, காங்கிரீட்டுக்குள் எஃகு வடங்களைப் போட்டு இழுத்து முறுக்கிவிட்டார். ஓடு போன்ற அந்தக் கூரையின் கனம் நாலு அங்குலம்தான்.

கீற்று வழியாக வரும் வெளிச்சம் நேரே கீழே விழுந்தால் ஓவியம் வெளுத்துப்போகும். அதன் கீழே துளையிட்ட அலுமினியத் தகடு ஒன்று இறக்கை மாதிரி தொங்குகிறது. வெளிச்சத்தைப் பிடித்து மேலே திருப்பி, வளைவின் உள்பக்கத்தில் பூசிவிடுகிறது. சாம்பல் நிறக் காங்கிரீட் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. தகட்டின் வளைவை ரிச்சர்ட் கெல்லி என்ற விளக்கு நிபுணர் அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டரில் கணக்கிட்டார். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் தாழ்வாக ஒரு தட்டைப் பகுதி. அதுதான் எங்கள் டக்ட்டின் ராஜபாட்டை.

கான் மின்சாரச் சிக்கனத்துக்காக இதைச் செய்தார் என்று நான் எழுதினால் அது பொய். எண்ணெய் நெருக்கடியே 1973-ல்தான் வந்தது. அவருக்கு வேண்டியது வெளிச்சம். மேகம் நகர்ந்தால் ஓவியத்தின் முகமும் மாறணும், அவ்வளவுதான். ஆனால் என் கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் லாபம் இரட்டை. அன்றைய குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போயிற்று. அந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏ.சி.க்கு இன்னொரு செலவு. வெளிச்சத்தை வானத்திலிருந்து வாங்கினால் இரண்டும் குறையும். கூரையையே முழுக்கத் திறந்துவிட்டால் டெக்சாஸ் வெயிலும் கூடவே இறங்கும். 23 அடியில் இரண்டரை அடி, பத்தில் ஒரு பங்கு சொச்சம். அந்த அளவில்தான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம்.

1974 மார்ச்சில் அகமதாபாத் வந்துவிட்டுத் திரும்பும் வழி. 17-ஆம் தேதி நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் மாரடைப்பு. கழிப்பறையில் விழுந்து கிடந்தார். பாஸ்போர்ட்டில் இருந்த வீட்டு முகவரியை அவரே அடித்துவைத்திருந்தார். வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அலுவலகம் பெரும் கடனில் இருந்தது. மனைவிக்கு ஒரு மகள், ஆன் டிங்குக்கு ஒரு மகள், ஹாரியட் பேட்டிசன் என்ற நிலத்தோட்டக் கலைஞருக்கு ஒரு மகன் என்று மூன்று வீடுகளில் மூன்று பிள்ளைகள். சுவருக்கும் குழாய்க்கும் இடம் ஒதுக்கத் தெரிந்த மனிதருக்குச் சொந்த வாழ்க்கையில் அது கைவரவில்லை. மகன் நதானியேல் அப்பாவைத் தேடி எடுத்த ஆவணப்படம் 2003-ல் வந்தது. பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை.

அவர் போன பிறகு கட்டடங்களின் கதை தொடர்ந்தது. பழைய கட்டடங்களோடு நாம் எப்படிப் பழகணும் என்பதற்கு அவருடைய கட்டடங்களே பாடமாகிவிட்டன.

முதலில் யேல். குளிர்காலத்தில் வெளியே உறைபனி, உள்ளே ஓவியங்களுக்காகக் காற்றில் ஈரம் ஏற்றிவைத்திருப்பார்கள். ஒற்றைக் கண்ணாடியும் இரும்புச் சட்டமும் சில்லிட்டுப்போய், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல உள்பக்கம் நீர் வடிந்தது. சட்டம் துருப்பிடித்தது. இதைக் கானின் குறை என்றே சொல்ல வேண்டும், அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தின் குறை என்றும் சொல்லலாம். 2006-ல் முடிந்த சீரமைப்பில், பழைய தோற்றம் கெடாமல், இரட்டைக் கண்ணாடியும் வெப்பம் கடத்தாத இடைத்துண்டு வைத்த சட்டமும் போட்டார்கள். முன்பு மூடிய பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு எது மாறியது என்றே தெரியாது.

அகமதாபாத்தில் மாணவர் விடுதிகள் பதினெட்டில் பதினான்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. உலகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, 2021 ஜனவரி முதல் நாளே அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். செங்கல் அரிப்பு, பூகம்ப விரிசல் என்று காரணம் காட்டி 2022-ல் மறுபடியும் அந்தப் பேச்சு எழுந்தது. செங்கல் உப்புப் பூத்து உதிர்வது பொய் இல்லை. அதற்கு இடிப்பதுதான் வைத்தியமா என்பதில் என் கருத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கிம்பெல் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டம் பெருகி இடம் போதாமல் போனது. 1989-ல் கானின் நண்பரும் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தைக் கட்டியவருமான ரொமால்டோ ஜுர்கோலா ஒரு யோசனை கொடுத்தார். அதே வளைவுகளை அதே மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிவிடுவது. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் கான் குடும்பத்தாரும் கட்டடக் கலைஞர்களும் கொதித்து எழுந்தார்கள், 1990-ல் கைவிட்டார்கள். ஒரு கீர்த்தனையில் அனுபல்லவி நன்றாக இருக்கிறது என்று இன்னும் நாலு சேர்த்தால் எப்படி இருக்கும்?

பிறகு வேலையை ரென்சோ பியானோவிடம் கொடுத்தார்கள். இளைஞராக இருந்தபோது கானின் அலுவலகத்தில் வேலை பார்த்த இத்தாலியர். அவர் பழைய கட்டடத்தை விரலால்கூடத் தொடவில்லை. சுமார் 60 மீட்டர் தள்சி எதிரே தனியாக ஒரு மண்டபம் கட்டினார். 2013 நவம்பரில் திறப்பு. கானின் கட்டடத்தைவிட உயரக் கூடாது என்று பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கி, பின்பாதியின் மேல் புல் வளர்த்துவிட்டார். மண்ணும் புல்லும் நல்ல வெப்பக் காப்பு. முன்பாதிக்குக் கண்ணாடிக் கூரை. அதன் மேலே அலுமினியப் பட்டைகள், பட்டைகளின் முதுகில் சூரிய மின்கலங்கள். நேர் வெயிலைத் தடுத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு, கூடவே மின்சாரமும் தருகிறது. கண்ணாடிக்குக் கீழே துணி விரித்து ஒளியை இன்னும் மென்மையாக்குகிறார்கள்.

என் தொழில் விஷயம் தரையில் இருக்கிறது. ஓக் மரப் பலகைகளுக்கு இடையில் மெல்லிய இடைவெளி. குளிர்ந்த காற்று அதன் வழியே மெதுவாக, சத்தமில்லாமல் கசிந்து மேலே வருகிறது. கூரையிலிருந்து காற்றை வேகமாகக் கீழே தள்ளினால் அந்த உயரமான அறை முழுவதையும் குளிரவைத்தாக வேண்டும். தரையிலிருந்து விட்டால் ஆள் நிற்கும் உயரம் வரை குளிர்ந்தால் போதும், சூடு தானாக மேலே போய்விடும். சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பூமிக்குள் ஆழ்துளைகள் போட்டுக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். கோடையோ குளிரோ, ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அனேகமாக மாறுவதில்லை. இத்தனையும் சேர்ந்து, கானின் கட்டடத்துக்குத் தேவைப்படும் மின்சக்தியில் பாதி போதும் என்பது அருங்காட்சியகத்தாரின் கணக்கு. டக்ட் எங்கே என்று தேடினால் கண்ணில் படாது. ஆனால் யாரும் அதைக் கடைசி நேரத்தில் சொருகவில்லை. தரையை வரைந்த அன்றே அதையும் வரைந்திருக்கிறார்கள். கானின் பள்ளியில் படித்த பிள்ளை அல்லவா!

இன்னொரு சங்கதி. கானின் ஆசைப்படி, வருகிறவர்கள் மேற்கே மரங்களுக்கு நடுவே, தண்ணீர் சலசலப்பைக் கேட்டுக்கொண்டே, முன்வாசல் வழியாக நுழைய வேண்டும். நடந்தது வேறு. டெக்சாஸ்காரர்கள் காரில்தான் வருவார்கள். வண்டி நிறுத்துமிடம் பின்பக்கம் இருந்ததால், நாற்பது வருஷமாகப் பெரும்பாலானவர்கள் பின்கதவு வழியாகக் கீழ்த்தளத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். பியானோ தன் மண்டபத்தோடு நிலத்தடியில் ஒரு கார் நிறுத்தமும் கட்டினார். வண்டியை விட்டுவிட்டுப் படியேறி மேலே வந்தால், நேர் எதிரே கானின் முன்வாசல்.